படிவத்தில் ஆறாம் கேள்வி

மார்ச் 4

மூன்றாம் லாயத்து லாடக்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். குதிரைகள் நலமாக இருந்தால் உங்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆறு வருடம் கழித்து எதற்கு இவள் கடிதம் போடுகிறாள் என்று மூக்குக்கண்ணாடியைத் தேடுவீர்கள். தேடி மாட்டிக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். நான் குதிரை வாங்கிவிட்டேன்.

பொம்மைக் குதிரை இல்லை, பந்தயக் குதிரை. மூன்று வயதுப் பெண் குதிரை, செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுழி. போன வியாழக்கிழமை ஏலத்தில் எடுத்தேன். கடையிலிருந்து அளவு நாடாவோடு போனேன். மற்றவர்கள் பல்லைப் பார்த்தார்கள், வாலைப் பார்த்தார்கள், காதைத் தடவினார்கள். நான் நாடாவை எடுத்து நாலு காலையும் அளந்தேன். மார்பை அளந்தேன். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அளந்தேன். ஏலக்காரர் சிரித்தார். "என்னம்மா, இதுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" "தச்சாலும் தைப்பேன். நீங்க ஏலத்தை நடத்துங்க" என்றேன். இருபத்தைந்து வருடமாக நர்ஸ், காவலாளி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று ஊர் முழுக்கச் சீருடைக்கு அளவு எடுத்தவள் நான். நாலு காலும் அரை அங்குலம்கூடப் பிசகவில்லை. எடுத்துவிட்டேன்.

ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். நம் மகளின் கல்யாணத்தைப் பதிவு செய்த அன்று என்ன செய்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? அவள் கையெழுத்துப் போட்டாள், மாப்பிள்ளை போட்டார். சாட்சி போட வேண்டிய அப்பா, ஏதோ ஒரு ஆண் குதிரை லாடத்தைக் கழற்றிக்கொண்டது என்று ஃபோன் வந்ததும் எழுந்து போய்விட்டார். உங்கள் இடத்தில் வாடகைக் கார் ஓட்டுநர் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கும் அந்தச் சான்றிதழில் அவர் பெயர்தான் இருக்கிறது. அன்றைக்கே நினைத்தேன். இந்த மனுஷனைக் குளம்புக்குக் கூப்பிட்டால் ஓடுகிறார், குடும்பத்துக்குக் கூப்பிட்டால் காது கேட்பதில்லை. அப்படியானால் குளம்பு உள்ள ஒன்றை வாங்கினால்தான் நான் யாரென்று இவருக்குத் தெரியும் என்று. ஆறு வருடம் ஆயிற்று, அவ்வளவுதான்.

பெயர் வைத்தாயிற்று. மூன்று பெயர் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், நான் ஒன்றே ஒன்றுதான் கொடுத்தேன். 'பதிலடி'. கிளப்பில் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.

இனிமேல் நான் முதலாளி, நீங்கள் லாடம் அடிப்பவர். எதிரில் வந்தால் ஒதுங்கி நின்று வழி விடவும்.

இப்படிக்கு,
'பதிலடி'யின் உரிமையாளர்


மார்ச் 9

முதலாளியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

அந்தக் குதிரையை எனக்குத் தெரியும். அதற்கு முதல் லாடம் அடித்தவனே நான்தான். முந்தைய முதலாளி ஏன் ஏலத்துக்கு விட்டார் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நாலு காலையும் அளந்தாயே, ஒரு காலையாவது தூக்கிப் பார்த்தாயா? முன் இடது குளம்பின் வெளிப்பக்கச் சுவர் முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. அதில் ஆணி ஒரு நூல் உள்ளே தள்ளி இறங்கினால் உயிர்ச்சதையில் ஏறிவிடும். அந்த ஏலக்காரன் சட்டைக்காகச் சிரிக்கவில்லை, உன்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறான். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். நீ அதை ஏலத்தில் போட்டி போட்டு எடுத்திருக்கிறாய்.

குதிரை மேல் குற்றமில்லை. நல்ல நெஞ்சுரம் உள்ளது. குளம்பு தெரிந்தவன் லாடம் அடித்தால் ஓடும். தெரியாதவன் அடித்தால் ஒரு தடவை ஓடும், அத்தோடு சரி.

இன்னொன்று. முதலாளி லைசென்ஸுக்குக் கிளப்பில் ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் ஆறாம் கேள்வி, 'உங்கள் குடும்பத்தில் யாராவது இந்த மைதானத்தில் வேலை செய்கிறார்களா?' என்பது. உண்டு என்று எழுதினால் லைசென்ஸ் கிடையாது. லாடக்காரன் பெண்டாட்டி குதிரை வைத்திருந்தால், மற்ற முதலாளிகளின் குதிரைக்கு அவன் ஒழுங்காக ஆணி அடிப்பானா என்ற சந்தேகம்தான், வேறொன்றுமில்லை. நாம் பிரிந்துதான் இருக்கிறோம். கோர்ட்டுப் படி ஏறி விலகவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன எழுதினாய்?

மகள் விஷயம். அந்த ஆண் குதிரைக்கு லாடம் பாதி கழன்று, அதன் ஆணி உள்ளங்காலில் ஏறி நின்றது. இதை அன்றைக்கே சொன்னேன். நீ காதில் வாங்கவில்லை.

லாடக்காரன்


மார்ச் 13

லாடக்காரருக்கு,

வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம். அவள் குதிரை வாங்கினால் அதன் குளம்பும் குற்றம். மூன்று மாதம் நோட்டம் பார்த்து ஒரு பொம்பளை தன் சம்பாத்தியத்தில் ஒன்றை வாங்கினால், அது முட்டை ஓடாம், மண்குதிரையாம். வயிற்றெரிச்சல் என்று நேராக எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

ஆறாம் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். பேனா கொஞ்சமும் நடுங்கவில்லை. அதில் என்ன பொய்? இருபத்தெட்டு வருடமாக அந்த மைதானத்தில் இருக்கிறீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "இவ என் சம்சாரம்" என்று என்னை யாரிடமாவது காட்டியிருப்பீர்களா? என் குதிரையை உங்கள் லாயத்தில்தான் விட்டிருக்கிறேன். போன வாரம் உங்கள் டிரெய்னர் லாயத்தைச் சுற்றிக் காட்டினார். நீங்கள் தூரத்தில் குனிந்து எதையோ ராவிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டீர்கள், அதையும் நான் கவனித்தேன். டிரெய்னர் சொல்கிறார்: "அவரு எங்க லாடக்காரரும்மா. தங்கமான கை. தனிக்கட்டை, கல்யாணம் காட்சின்னு எதுவும் பண்ணிக்கல." நான் என்ன சொல்ல? "அய்யோ பாவம்" என்றேன்.

தனிக்கட்டைக்கு ஏது குடும்பம்? ஆகவே 'இல்லை' என்பதே சரியான பதில்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். கிளப்பின் விதிப் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டேன். பந்தய நாளில் குதிரையைத் தொடக்கூடியவர்கள் உரிமையாளர், உரிமையாளரின் வீட்டார், டிரெய்னர், டிரெய்னர் நியமித்த ஆட்கள், கிளப் வைத்தியர். வேறு யார் தொட்டாலும் அவர்களுடைய மைதான அனுமதி அட்டையைப் பறித்துவிடுவார்களாம். நீங்கள் வீட்டார் இல்லை. டிரெய்னர் நியமித்த ஆளாகவும் இருக்கக்கூடாது என்பதற்காக அவரிடம் என் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டேன். 'மூன்றாம் லாயத்து லாடக்காரர் எந்த நாளிலும் என் குதிரையைத் தொடக்கூடாது.' பக்கத்து லாயத்து லாடக்காரரை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அவர் கை வேகமாம். உங்களைப்போல ஒரு குளம்பை அரை நாள் கொஞ்சிக்கொண்டு உட்கார மாட்டாராம்.

இப்படிக்கு,
உரிமையாளர்


மார்ச் 20

முதலாளியம்மாவுக்கு,

உன் எழுத்தை டிரெய்னர் குதிரையின் அறைக் கதவில் பசை தடவி ஒட்டிவிட்டார். மறந்துபோய் யாரும் என்னைக் கூப்பிட்டுவிடக் கூடாதாம். வைக்கோல் வண்டிக்காரர் முதல் கிளப் காவலாளி வரைக்கும் படித்தாயிற்று. "என்னண்ணே, அந்தம்மாவுக்கு என்ன பாவம் பண்ணீங்க?" என்று கேட்கிறார்கள். இருபத்தெட்டு வருடத்தில் எந்தக் குதிரையும் என்னை இந்த மாதிரி உதைத்ததில்லை. உனக்குத் திருப்தி என்றால் சரி.

கை வேகமாம். ஆணி அடிப்பதில் வேகம் எதற்கு? அவன் நல்லவன்தான், ஆனால் எல்லாக் குளம்பையும் ஒரே குளம்பாக நினைக்கிறவன். இதை டிரெய்னரிடம் சொன்னேன், "எனக்கு எதுக்குய்யா வம்பு" என்கிறார். ஆகவே உனக்கு எழுதுகிறேன், நீயாவது சொல்லு. முன் இடது காலுக்கு உள்பக்கம் மூன்று ஆணி, வெளிப்பக்கம் இரண்டே இரண்டு. இருப்பதிலேயே சின்ன ஆணி. பந்தயத்துக்கு இரும்பைக் கழற்றி அலுமினிய லாடம் போடுவார்கள், அப்போதுதான் கவனம் தேவை. எக்காரணம் கொண்டும் வெளிப்பக்கம் மூன்றாவது ஆணி வேண்டாம்.

ஆறாம் கேள்விக்கு நீ எழுதிய பதிலை வைத்து நான் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே உன் லைசென்ஸ் போய்விடும். பயப்படாதே, சொல்ல மாட்டேன். உனக்காக இல்லை. நீ போனால் அந்தக் குதிரை மறுபடி ஏலத்துக்குப் போகும், எந்தக் கசாப்புக்காரன் கையில் மாட்டுமோ என்பதற்காக.

லாடக்காரன்


ஏப்ரல் 2

லாடக்காரருக்கு,

மிரட்டல் கடிதம் கிடைத்தது. ஆணிக் கணக்கும் கிடைத்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் பேச்சைக் கேட்டு என் குதிரைக்கு ஆணி அடித்தால், அப்புறம் அது என் குதிரை இல்லை, உங்கள் குதிரை.

பந்தயம் ஏப்ரல் 11, சனிக்கிழமை. நாலாவது பந்தயம், ஏழாம் நம்பர். ஜாக்கி போடும் பட்டுச் சட்டையை நானே தைத்தேன். கறுப்பு உடம்பு, மஞ்சள் கை. கடையில் பன்னிரண்டு பேரும் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்று பார்த்தார்கள். காஜா எடுக்கும் அக்கா, "குளவி மாதிரி இருக்குங்க" என்றாள். கொட்டட்டும், அதற்குத்தானே. அன்றைக்குக் கடைக்கு லீவு. எல்லோரும் வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் குதிரையைப் பார்க்கிறேன். நீங்கள் அந்த நேரத்தில் எங்கோ ஒளிந்துகொள்கிறீர்கள், நல்லது. போன வாரம் என் பையில் மூக்கை விட்டுத் தையல் சாக்கட்டியை எடுத்துத் தின்றுவிட்டது. முழுசாக இரண்டு கட்டி. பிறகு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. மூச்சு வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை வருடம் ஏன் நீங்கள் அங்கேயே கிடந்தீர்கள் என்று ஒரு நிமிடம் புரிந்த மாதிரி இருந்தது. ஒரு நிமிடம்தான்.

பதினோராம் தேதி நீங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். அதற்கு என் அனுமதி தேவையில்லை.

இப்படிக்கு,
உரிமையாளர்


ஏப்ரல் 12

உங்களுக்கு,

நீங்கள் மனுஷனா?

கடை ஆட்கள் பன்னிரண்டு பேரும் இஸ்திரி போட்ட உடுப்போடு வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பலகையில் ஏழாம் நம்பரை அழித்துவிட்டுப் பக்கத்தில் 'ஓடவில்லை' என்று எழுதுகிறான் ஒருவன். "என்னங்க, நம்ம நம்பரை அழிச்சிட்டாங்க?" என்று காஜா அக்கா கேட்கிறாள். எனக்கு எதுவும் தெரியாது. குளவிச் சட்டை ஜாக்கி அறையில் ஆணியில் தொங்குகிறது. டிரெய்னரைத் தேடிப் பிடித்தால் கையைப் பிசைகிறார். "காலைல அந்த லாடக்காரர் உள்ள பூந்து லாடத்தைக் கழட்டிட்டாரும்மா. நான் சொல்லச் சொல்லக் கேக்கல."

கதவில் என் கையெழுத்து ஒட்டியிருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே போயிருக்கிறீர்கள். ஆணியைப் பிடுங்கியிருக்கிறீர்கள். எனக்கென்று ஒரே ஒரு நாள் இருந்தது, அதையும் பிடுங்கிவிட்டீர்கள். மகளுடைய நாளில் எழுந்து போனீர்கள். என்னுடைய நாளில் எழுந்து வந்தீர்கள். இருக்க வேண்டிய இடத்தில் இருக்க மாட்டீர்கள், இருக்கக்கூடாத இடத்தில் இருப்பீர்கள். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். எனக்குத் தள்ளியதும் நீங்கள், பறித்ததும் நீங்கள்.

கிளப் வைத்தியர் ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். நான் நிற்கவில்லை. நேராக அலுவலகத்துக்குப் போய் உங்கள் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். உரிமையாளரின் எழுத்து மூலமான தடையை மீறி, பந்தய நாளில், சம்பந்தமில்லாத ஆள் குதிரையைத் தொட்டார். அட்டையைப் பறிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி எழுத ஒன்றுமில்லை.

உரிமையாளர்


ஏப்ரல் 14

இத்துடன் காகிதத்தில் மடித்து ஓர் ஆணி வைத்திருக்கிறேன். வெளிப்பக்கத்தின் மூன்றாவது ஆணி. நுனியில் கறுத்திருப்பது துரு இல்லை.

காலை எட்டு மணிக்குக் குதிரையைத் தண்ணீர்த் தொட்டிக்கு நடத்திப் போனார்கள். முன் இடது காலை நீட்டி நுனி மட்டும் தரையில் படும்படி வைத்து நின்றது. இரண்டு தடவை பார்த்தேன். டிரெய்னரிடம் சொன்னேன். "புது லாடம், பழகிடும்" என்றார். வைத்தியர் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார், அதற்குள் வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுவிடுவார்கள், நான் பார்க்காததா? போய்க் குளம்பில் கை வைத்தேன். சுட்டது. பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை.

உன் எழுத்தைக் கதவில் பார்த்தேன். படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

லாடக்காரன்


ஏப்ரல் 16

லாடக்காரருக்கு,

ஆணியைத் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் பட்டறையில் இப்படி ஆயிரம் ஆணி கிடக்கும். ஆட்டு ரத்தத்தில் தோய்த்தால்கூடக் கறுக்கும்.

புகாரைத் திரும்பப் பெற மாட்டேன்.

உரிமையாளர்


ஏப்ரல் 27

முதலாளியம்மாவுக்கு,

இனி லாயத்து முகவரிக்கு எழுத வேண்டாம், நான் அங்கே இல்லை. வெள்ளிக்கிழமை விசாரணை முடிந்தது. அட்டையை மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன். வாழ்நாள் தடை. வேறு மைதானத்திலும் சேர்க்க மாட்டார்கள். அரமும் சுத்தியலும் என்னுடையவை, எடுத்துக்கொண்டேன். பட்டறைக்கல் கிளப்புடையது, அதை விட்டுவிட்டேன். கேட்டுக்கு வெளியே வந்ததும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீ கேட்டது கிடைத்தது. அதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை.

குதிரைக்கு மட்டும் ஒன்று. இரண்டு வாரத்துக்கு லாடம் வேண்டாம். தினமும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அந்தக் காலை வைத்துவிட்டு, துடைத்து, மருந்து வைத்துக் கட்டச் சொல். கட்டு நழுவாமல் இருக்க மேலே ஓர் உறை போட வேண்டும். அவர்கள் சாக்குத் துணியைச் சுற்றுவார்கள், அது உராயும்.

சாக்கட்டி கொடுக்காதே.

லாடக்காரன்


மே 6

என்ன சொல்லி இந்தக் கடிதத்தைத் தொடங்குவது என்று தெரியவில்லை. லாடக்காரருக்கு என்று எழுதலாம் என்றால் அட்டையைப் பறித்துவிட்டார்கள். பறிக்க வைத்தவளே நான்தான். ஆகவே விளி இல்லாமலே எழுதுகிறேன்.

புகார் கொடுத்தவள் என்பதால் விசாரணைக் குறிப்பின் நகலை எனக்கு அனுப்பினார்கள். முதல் இரண்டு பக்கம் வைத்தியரின் அறிக்கை. மூன்றாவது ஆணி சதையைத் தொட்டிருந்தது, அந்தக் காலோடு ஓடியிருந்தால் முதல் வளைவிலேயே குதிரை விழுந்திருக்கும், ஜாக்கியும் பிழைத்திருப்பாரா என்பது சந்தேகம் என்று எழுதியிருக்கிறார். அன்றைக்கு அவர் பின்னாலேயே வந்து சொல்ல வந்தது இதைத்தான். சரி. நீங்கள் சொன்னது சரி. வெளிப்பக்கம் இரண்டே ஆணி என்று முன்னாலேயே எழுதியிருந்தீர்கள், நான் வேண்டுமென்றே அதைச் சொல்லாமல் விட்டேன், அதுவும் சரி. இதை எழுத எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன். தலைவர் கேட்கிறார்: "உரிமையாளருக்கு நீங்க ஏதாவது உறவா? அவங்க வீட்டாள்னா இது குத்தமே இல்ல." பதில்: "இல்லீங்க. அந்தம்மாவை எனக்குத் தெரியாது." அவர் விடவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இருபத்தெட்டு வருஷ வேலை." பதில்: "தெரியாதுங்க. கதவுல ஒட்டியிருந்த கையெழுத்துதான் தெரியும்."

எனக்கு வந்ததே ஆத்திரம். இருபத்து நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, தெரியாதாம். கையில் கத்தரிக்கோல் இருந்தது. மேசையில் கிடந்த நர்ஸ் உடுப்பின் கையைக் குறுக்கே வெட்டிவிட்டேன். காஜா அக்கா ஓடி வந்தாள். "என்னங்க ஆச்சு?" "என் வீட்டுக்காரர் என்னைத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிட்டாரு." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு வீட்டுக்காரர் இருக்காரா?" என்றாள். துணி வெட்டும் மாஸ்டர் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் தெரியாது. அவர்களிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. டிரெய்னரிடம் நீங்கள் தனிக்கட்டை, என் கடையில் நான் தனிக்கட்டை.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் அட்டை உங்கள் சட்டைப்பையில் இருந்திருக்கும். அந்த வார்த்தை என் ஆறாம் கேள்வியைப் பொய்யாக்கிவிடும், என் லைசென்ஸ் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டீர்கள். 'உனக்காக இல்லை, குதிரைக்காக' என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. யாருக்காக இருந்தாலும் சரி, என்னைக் கேட்காமல் எனக்கு ஒன்றை விட்டுக்கொடுப்பதற்கு நீங்கள் யார்? உங்கள் பிச்சையில் நான் முதலாளியாக இருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை கிளப்புக்குப் போனேன். என் படிவத்தை எடுங்கள் என்றேன். குமாஸ்தா எடுத்துக்கொண்டே சொன்னார், "அம்மா, இதுல கை வெச்சா லைசென்ஸ் போயிடும். குதிரையை வித்துடச் சொல்லிடுவாங்க." "போகட்டும்யா. கோணலாத் தச்சா பிரிச்சுத் தைக்கிறதுதான் எங்க தொழில்" என்றேன். 'இல்லை'யை அடித்தேன். மேலே எழுதினேன்: 'உண்டு. கணவர். லாடக்காரர். மூன்றாம் லாயம். இருபத்தெட்டு வருடம்.' இந்தத் தடவை பேனா நடுங்கியது. அதை மறைக்கவில்லை.

தீர்ப்பு இன்று வந்தது. பொய் எழுதியதற்கு எனக்கு வாழ்நாள் தடை. இனி என் பெயரில் குதிரை வாங்க முடியாது. நீங்கள் வீட்டாள் என்பதால் உங்கள் வாழ்நாள் தடை ரத்து. உண்மையை மறைத்ததற்கு மட்டும் ஒரு மாதத் தடை, அட்டையை வாங்கிய நாளிலிருந்து. மே 24ஆம் தேதி அட்டை திரும்பக் கிடைக்கும். உங்களுக்கும் தனியாகத் தாள் வரும், அதைப் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

குதிரையை ஒரு பல் டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். நல்ல மனுஷி. குளம்பு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். ஆணிக் கணக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். 25ஆம் தேதி காலையில் வண்டி வருகிறது. அதற்கு முன்னால் உங்களுக்கு ஒரே ஒரு நாள் இருக்கிறது. நாலு காலுக்கும் நீங்களே லாடம் அடியுங்கள். மெதுவாக அடியுங்கள், அரை நாள் ஆனாலும் பரவாயில்லை. முதலாளி என்ற முறையில் நான் உங்களுக்குப் போடும் முதல் உத்தரவும் கடைசி உத்தரவும் இதுதான்.

இத்துடன் காலுறை ஒன்று அனுப்பியிருக்கிறேன். குளவிச் சட்டையைப் பிரித்துத் தைத்தது. உள்பக்கம் பட்டு, உராயாது. லாடம் அடித்த பிறகு வண்டியில் போகும்போது முன் இடது காலுக்குப் போட்டுவிடுங்கள். அளவு கச்சிதமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போய் அந்தக் காலை மறுபடி அளந்தேன். இந்தத் தடவை தூக்கியும் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நானும் உங்களை மன்னிக்கவில்லை. அந்தச் சான்றிதழில் கார் ஓட்டுநரின் பெயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

ஆனால் 24ஆம் தேதி நான் லாயத்துக்கு வருவேன், குதிரையைப் பார்க்க. நீங்கள் குனிந்துகொள்ளக் கூடாது. டிரெய்னரோ, வைக்கோல் வண்டிக்காரரோ, வேறு யாராவதோ என்னைக் காட்டி "இவங்க யாரு?" என்று உங்களிடம் கேட்டால், படிவத்தில் போய்ப் பார்க்கச் சொல்லாதீர்கள். நிமிர்ந்து, வாயைத் திறந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் கேள்வியின் பதிலில் உள்ளபடி,
உங்கள் மனைவி